தனி வாழ்வா, துணையோடு வாழ்வா? சட்டம் தானாகத் தருவதும் எழுதி வைத்துப் பெற வேண்டியதும்

திருமணம் செய்துகொள்வதா, செய்துகொள்ளாமல் ஒருவரோடு சேர்ந்து வாழ்வதா, தனியாகவே இருந்துவிடுவதா என்ற கேள்வி நம் வீடுகளில் மனசு, மானம், வயது ஆகியவற்றை வைத்தே பேசப்படுகிறது. சட்டம் இந்த மூன்று நிலைகளையும் எப்படிப் பார்க்கிறது என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலோ, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்காக நிற்கும்போதோதான் தெரியவருகிறது. அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருப்பதில்லை.

அண்மை ஆண்டுகளின் செய்திகள் குழப்பத்தைக் கூட்டியிருக்கின்றன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2025 ஜனவரி 27 முதல் உத்தராகண்டில், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் அந்த உறவைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று கூறியது. மூன்றையும் படித்தவருக்கு, சேர்ந்து வாழ்வது குற்றமா, உரிமையா, பதிவு செய்ய வேண்டிய காரியமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இந்தக் கட்டுரை எந்த வாழ்க்கை மேலானது என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எந்த நிலையில் எது தானாகக் கிடைக்கும், எதை எழுதி வைத்தால் கிடைக்கும், எது எழுதி வைத்தாலும் கிடைக்காது என்பதைப் பிரித்துக் காட்டுவதே நோக்கம். "கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள், சொத்து யாருக்குப் போகும்" என்ற அச்சத்தால் மட்டுமே திருமணத்துக்குத் தள்ளப்படுபவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று நிலைகள்

1. தனித்திருத்தல். திருமணமே ஆகாதவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்தவர் ஆகிய மூவரையும் பேச்சு வழக்கில் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம். சட்டம் அப்படிச் சேர்ப்பதில்லை. வாடகைத் தாய் சட்டம் (2021) 35 முதல் 45 வயதுவரையுள்ள விதவைக்கும் மணமுறிவு பெற்றவருக்கும் அனுமதி தருகிறது, திருமணமே ஆகாத பெண்ணுக்குத் தருவதில்லை. வாரிசுரிமையிலும் இந்த வேறுபாடு பெரியது. அதைப் பின்னர் பார்ப்போம்.

2. சேர்ந்து வாழ்தல். வயதுக்கு வந்த இருவர் தம் விருப்பத்தால் ஒரே வீட்டில் வாழ்வது இந்தியாவில் குற்றமல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்குப் பதிவு முறையும் இல்லை. உத்தராகண்டில், பதிவு செய்யாமல் ஒரு மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால் மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்று அந்தச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த மாநில விதியை நாடு முழுவதற்குமான சட்டமாக எண்ணிக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

3. திருமணம். இந்து திருமணச் சட்டம் (1955), சிறப்புத் திருமணச் சட்டம் (1954), கிறிஸ்தவ, முஸ்லிம் தனிச் சட்டங்கள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின்படி நடந்தது. தமிழ்நாட்டில், இந்து திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 7-ஏ பிரிவு உண்டு. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது முழுமையான இந்துத் திருமணம், புரோகிதர் தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவித்தால்தான் செல்லும் என்ற கருத்தையும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

சடங்கும் பதிவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விசாவுக்காகவோ வேறு அவசரத்துக்காகவோ, எந்தச் சடங்கும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு நடந்த திருமணத்துக்குச் சான்றாகும். நடக்காத திருமணத்தை உண்டாக்காது.

திருமணம் தானாகத் தருபவை, தராதவை

திருமணம் நடந்த அந்த நிமிடத்திலிருந்து, யாரும் எதையும் எழுதாமலே சில உரிமைகள் பிறக்கின்றன. துணை உயில் எழுதாமல் இறந்தால் வாரிசாகும் உரிமை, ஜீவனாம்சம் கோரும் உரிமை, குடும்ப ஓய்வூதியம், உறுப்பு தானச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் என்ற தகுதி, வரிச் சட்டத்தில் உறவினர் என்ற தகுதி ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

தராதவற்றைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கணவர் இறந்தால் சொத்து முழுவதும் மனைவிக்கே வரும் என்று பலர் நம்புகிறார்கள். இந்து ஆண் உயிலின்றி இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. மாமியார் உயிரோடிருந்தால் வீட்டில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இருவரும் உயிரோடிருக்கும்போதோ, ஒருவர் பெயரில் வாங்கிய சொத்தில் மற்றவருக்குத் திருமணத்தால் மட்டும் பாதி உரிமை வந்துவிடுவதில்லை. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்க்கையில் பங்களிப்பே என்று ஏற்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணுக்குப் பங்கு அளித்தது. அது மிக வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அந்தப் பங்கை நீதிமன்றப் படியேறி, வழக்காடித்தான் பெற முடிந்தது.

வெளியேறும் வழியும் திருமணத்தில் நீளமானது. பொதுவாக முதல் ஓராண்டுக்குள் மணமுறிவு மனுவே போட முடியாது. இருவரும் இசைந்து பிரிவதற்கும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பிறகான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம். ஒருவர் இசையாவிட்டால் ஆண்டுக் கணக்கு.

சேர்ந்து வாழ்தல்: நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

"இத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால் சட்டப்படி மனைவி" என்றொரு கணக்கு ஊரில் புழங்குகிறது. ஐந்து என்பார் ஒருவர், பத்து என்பார் மற்றொருவர். சட்டத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்கள் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது உண்மை. 1978-இல், சுமார் 50 ஆண்டுகள் அப்படி வாழ்ந்த ஒரு தம்பதியை உச்ச நீதிமன்றம் அவ்வாறே ஏற்றது. ஆனால் அந்த அனுமானத்தை எதிர்த் தரப்பு சாட்சியம் காட்டி உடைக்க முடியும்.

சேர்ந்து வாழும் பெண்ணுக்கு இன்றுள்ள முதன்மையான கவசம் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005). அது திருமணத்தோடு, "திருமணத்தின் தன்மை கொண்ட உறவு" என்ற ஒன்றையும் ஏற்கிறது. அதற்கு என்ன பொருள் என்பதை உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் விளக்கியது, கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில்தான். அங்கே வகுக்கப்பட்ட நிபந்தனைகள் இவை:

1. இருவரும் ஊரறியக் கணவன் மனைவியைப் போல் வாழ்ந்திருக்க வேண்டும்.
2. இருவருக்கும் திருமண வயது நிறைந்திருக்க வேண்டும்.
3. இருவரும் திருமணம் செய்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக, அதாவது வேறு திருமண பந்தத்தில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும்.
4. கணிசமான காலம், தம் விருப்பத்தால் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

இவற்றோடு, ஒரே வீட்டில் குடியிருந்திருக்கவும் வேண்டும். வார இறுதியில் சந்தித்துக்கொள்ளும் உறவு இதில் வராது.

பலருடைய வாழ்க்கை சிக்கிக்கொள்வது மூன்றாவது நிபந்தனையில். ஏற்கெனவே மணமானவர் என்று தெரிந்தே ஓர் ஆணோடு ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்ந்த பெண்ணின் வழக்கில், 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உறவு இச்சட்டத்துக்குள் வராது என்று கூறிவிட்டது. அத்தகைய பெண்கள் கதியற்று நிற்பதை உணர்ந்து, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 18 ஆண்டு சமைத்து, நோய்க்குப் பக்கத்தில் இருந்து, தொழிலுக்குத் துணை நின்ற ஒருவர் வெறுங்கையோடு வெளியேறுவது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான். எனவே துணையின் முந்தைய திருமணம் முறையாக முறிந்துவிட்டதா என்பதை வாய்ச்சொல்லால் அல்லாமல், நீதிமன்ற ஆணையின் நகலைப் பார்த்தே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பிறக்கும் குழந்தையின் நிலை பெற்றோரின் நிலையைவிடப் பாதுகாப்பானது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் பிள்ளைக்குக் குடும்பச் சொத்தில் பங்கு மறுக்கக் கூடாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், பெற்றோருக்குக் கிடைக்கக்கூடிய கூட்டுக்குடும்பப் பங்கில் உரிமை உண்டு என்பது 2023 செப்டம்பர் தீர்ப்பு.

பணத்தில் வரும் வேறுபாடு பலருக்குத் தெரிவதே இல்லை. கணவர் மனைவிக்கு எவ்வளவு அன்பளிப்பு தந்தாலும் பெறுபவருக்கு அது வருமானமாகாது. சேர்ந்து வாழும் துணை சட்டத்தின் பார்வையில் உறவினர் அல்லர். எனவே ஒரு நிதியாண்டில் பெறும் அன்பளிப்புகள் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. வீட்டை எழுதி வைப்பதிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்ச வரம்பு உண்டு. குடும்பத்தார் அல்லாதவருக்கு எழுதினால் சந்தை மதிப்பில் 7 சதவீதம். பதிவுக் கட்டணம் தனி. உயில் மூலம் வரும் சொத்துக்கு இந்தச் சுமைகள் இல்லை.

தனித்திருத்தல்: அச்சமும் உண்மையும்

முதல் அச்சம் மருத்துவமனையைப் பற்றியது. "சொந்தக்காரர் கையெழுத்து" கேட்பது நம் மருத்துவமனைகளின் வழக்கம். ஆனால் நினைவோடிருக்கும், வயதுக்கு வந்த நோயாளியின் இசைவே சட்டப்படி தேவையானது. 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் இசைவு வாங்கி அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் ஏதும் இல்லாத நிலையில் தாயின் இசைவு செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணமாகாதவரின் உடலுக்கு அவரே உரிமையாளர். குடும்பம் அவருக்குப் பதிலாக முடிவெடுக்கும் அதிகாரம் கொண்டதன்று.

இரண்டாவது, சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை ஒவ்வொரு பெண்ணும் படித்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் அழுத்தமான கருத்து. திருமணமாகாத பெண் உயிலின்றி இறந்தால் சொத்து தாய், தந்தைக்குப் போகும். பிள்ளையில்லாத விதவை இறந்தால், அவரே சம்பாதித்த சொத்துகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோர் அதற்குப் பின்னர்தான். 1955-இல் மணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்ததால் வேலைக்குப் போய்ச் சேமித்த ஒரு பெண் 1996-இல் உயிலின்றி இறந்தார். அவருடைய வங்கிப் பணமும் வருங்கால வைப்பு நிதியும், அவரை விரட்டிய குடும்பத்துக்கே உரியவை என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது இரக்கத்தால் அதை மாற்ற முடியாது என்பதே காரணம். அந்தப் பெண் ஒரு தாளில் நான்கு வரி எழுதி, இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டிருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது. இதே பிரிவை எதிர்த்த வழக்கொன்றில், 2025 நவம்பரில், பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது.

மூன்றாவது, முதுமை. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். பிள்ளையில்லாத முதியவர், தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது தமக்குப் பின் அதைப் பெறப்போகும் வாரிசிடம் பராமரிப்புக் கேட்க அதே சட்டம் வழி செய்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயதைக் கடந்தவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது முக்கியம்.

குழந்தையைப் பொறுத்தவரை கதவுகள் ஓரளவு திறந்திருக்கின்றன. தனித்திருக்கும் பெண் எந்தப் பாலினக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனித்திருக்கும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. திருமணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலே குழந்தையின் காப்பாளராகலாம் என்பது 2015 ஜூலைத் தீர்ப்பு. கருக்கலைப்புச் சட்டத்தில் குறிப்பிட்ட சூழல்களில் உள்ள பெண்களுக்குத் தரப்படும் 24 வார வரம்பு மணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும் என்பது 2022 செப்டம்பர் தீர்ப்பு.

வாடகை வீட்டில்தான் நிலைமை மோசம். "குடும்பத்துக்கு மட்டும்" என்று வீட்டு உரிமையாளர் மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

எழுதி வைத்தால் கிடைப்பவை

திருமணமாகாத இருவரும், தனித்திருப்பவரும் கீழ்க்கண்டவற்றால் பெரும்பாலான இடைவெளிகளை அடைத்துவிடலாம்.

1. உயில். முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்தைப் பெறுபவர் சாட்சியாக இல்லாமலிருப்பது நல்லது. இந்து தம் சொத்தை யாருக்கும் எழுதலாம். முஸ்லிம், வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குவரைதான் பிறருக்கு எழுத முடியும். பின்னால் திருமணம் செய்தால் கிறிஸ்தவர் எழுதிய உயில் ரத்தாகிவிடும். இந்துவின் உயில் ரத்தாவதில்லை.

2. நாமினி. வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருந்தால் பணத்தை வாங்கலாம், ஆனால் நாமினி உரிமையாளராகிவிடுவதில்லை; வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டும். எனவே நாமினி பெயரும் உயிலும் ஒரே நபரைச் சுட்ட வேண்டும். பி.எஃப். கணக்கில் விதி இன்னும் கடுமை: குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே நாமினி போட முடியாது. குடும்பம் இல்லாதபோது நண்பரைப் போட்டிருந்தாலும், திருமணமானவுடன் அது செல்லாததாகிவிடும்.

3. மருத்துவ முன்னறிவிப்பு ஆவணம். உயிர்காக்கும் கருவிகளைப் பற்றிய விருப்பத்தை இரு சாட்சிகளோடு எழுதி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் உறுதிசெய்தால் போதும் என்று 2023-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. தம் சார்பில் முடிவெடுக்க வேண்டியவரின் பெயரையும் அதில் எழுதலாம். மனநல மருத்துவத்துக்கு, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உறவினர் அல்லாத ஒருவரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம்.

4. பவர் பத்திரம். இதில் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்தவர் கோமாவில் விழுந்தாலோ, மனநிலை இழந்தாலோ பவர் செயலிழந்துவிடும். எதற்காக எழுதினோமோ அந்த நேரத்தில்தான் அது உதவாது. அன்றாடச் செலவுக்கு, இருவரில் யாரும் எடுக்கக்கூடிய கூட்டு வங்கிக் கணக்கு இதைவிட நம்பகமானது. தன்பாலினத் துணைகளும் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

எழுதினாலும் கிடைக்காதவை

துணையின் குடும்ப ஓய்வூதியத்தை உயிலால் பெற முடியாது. இருவரும் பெற்றோராகச் சேர்ந்து தத்தெடுக்க இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும். சிறுநீரகம் தானம் செய்ய, கணவன் மனைவி நெருங்கிய உறவினர் என்ற முறையில் வரலாம். சேர்ந்து வாழும் துணை அனுமதிக் குழுவின் முன் நின்று, அன்பினால் தருவதாக நிரூபித்தாக வேண்டும். பிரியும்போது ஜீவனாம்சம் உறுதியில்லை.

இந்தப் பட்டியலில் உள்ளவை ஒருவரது வாழ்க்கையில் உண்மையாகவே முக்கியம் என்றால், உதாரணமாக ஒருவர் ஓய்வூதியம் உள்ள அரசுப் பணியில் இருந்து மற்றவருக்கு வருமானமே இல்லையென்றால், சட்டப்படி மணம் செய்துகொள்வதற்கு அது வலுவான காரணம். இருவரும் சம்பாதிப்பவர்கள், பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் என்றால் பத்திரங்களே பெரும்பகுதியை ஈடுசெய்யும். தனித்திருக்க விரும்புபவர்களுக்கு இப்பட்டியலில் எதுவுமே தடையாக வருவதில்லை.

மணம் செய்ய விரும்பியும் சட்டம் அனுமதிக்காத தன்பாலினத் துணைகளுக்கு மட்டும் இந்தத் தெரிவே இல்லை. அவர்களுக்காகத்தான் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இருவர் தம் உறவை ஓர் ஆவணமாகப் பதிவு செய்துகொள்ளும் "குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம்" என்ற முறையைத் தமிழ்நாடு அரசு பரிசீலிக்கலாம் என்று கூறியது. அப்படியொரு ஆவணம் சட்டமாக வந்தால், திருமணம் செய்ய முடியாதவர்களுக்கும் செய்ய விரும்பாமல் துணையோடு வாழ்பவர்களுக்கும் மருத்துவமனை வாசலிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் காட்ட ஒரு தாள் கிடைக்கும். உத்தராகண்டின் பதிவு முறை தண்டனையைக் காட்டிப் பதியச் சொல்கிறது. இது உரிமையைக் காட்டி அழைக்கும். இரண்டும் பதிவுதான் என்றாலும், மாநில அரசுகள் பின்பற்றத் தக்கது இரண்டாவதே.